முடி கேட்கவில்லை, நீயும் கேட்கவில்லை

பக்கத்துக் காம்பராவில் மகேஸ்வரியின் மகள் காலையிலேயே போனைச் சத்தமாக வைத்துவிடுகிறாள். லயத்துச் சுவர் என்ன சுவர், உனக்குத் தெரியாததா? கூரைக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஒரு வீட்டுத் தாளிப்பு இன்னொரு வீட்டுக்கு வரும். இப்போது போனும் வருகிறது. இன்று வந்தது ஒரு பெண்ணின் குரல். நீளமான முடியை எப்போது வெட்ட வேண்டும் என்று எப்படிக் கண்டுகொள்வது, அதற்கு என்னென்ன அடையாளங்கள் என்று தேனாகச் சொல்லிக்கொண்டு போனாள். நுனி பிளந்திருக்கும், சீப்பு தடுக்கும், பின்னல் கீழே போகப்போக மெலிந்துவிடும். தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே கேட்டேன். ஒன்றைக்கூட அவள் பிழையாகச் சொல்லவில்லை. இருந்தும் எனக்கு ஆத்திரம் வந்தது. எல்லா அடையாளங்களையும் சொன்னவள், அந்த முடி யாருடைய தலையில் இருக்கிறதோ அவளை ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதனால்தான் இதை எழுதுகிறேன். உனக்கு எழுத்து வராது. எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. குளிருக்காக லயத்துச் சுவரில் ஒட்டியிருந்த பழைய பத்திரிகைகளை எழுத்துக் கூட்டி வாசித்தே பழகினேன். “சுவத்தப் படிச்சவ” என்று எனக்குப் பேர் வைத்தவள் நீதான். தோட்டத்தில் யாருக்கு மனு எழுத வேண்டுமென்றாலும் என்னிடம் வருவார்கள். எழுதி முடித்து வாசித்துக் காட்டும்போது நீ பக்கத்தில் நின்று, “காரம் கூடிப்போச்சுடி, கொஞ்சம் தண்ணி ஊத்து” என்பாய். இதில் நான் தண்ணீர் ஊற்றப்போவதில்லை.

உன் முடி முழங்காலுக்குக் கீழே இறங்கியிருந்தது. அதைப் பின்னி, மடித்து, இடுப்பில் கட்டிய படங்குத் துணிக்குள் செருகிக்கொண்டுதான் மலை ஏறுவாய். மற்றவர்களுக்குப் படங்கு மழைக்கும் தேயிலைக் கிளை கிழிக்காமல் இருப்பதற்கும். உனக்கு அது முடிக்கு. கொழுந்துக் கூடையின் கயிறு உச்சந்தலையில் அழுத்தி அழுத்தி எங்கள் எல்லோருக்கும் அந்த இடத்தில் முடி கொட்டிப்போனது. உனக்கு மட்டும் கொட்டவில்லை. கயிற்றுக்கு அடியில் துணியை மடித்து வைத்துக்கொள்வாய். துணி நழுவினால் வேலையை நிறுத்திவிட்டுச் சரிசெய்வாய். “கொழுந்து எடுக்க வந்தாளா, கொண்டை போட வந்தாளா?” என்று பின்னாலிருந்து சத்தம் வரும். நீ திரும்பிப் பார்க்கவே மாட்டாய். உன் வாழ்க்கையில் நீ யாருக்கும் விட்டுக்கொடுக்காத ஒன்று இருந்ததென்றால் அது அந்த முடிதான். மற்ற எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தாய். அதைப் பற்றி நமக்குள் சண்டை வராத மாதம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பீலித் தண்ணீரில் தலை முழுகிவிட்டு வந்து, வாசல் இஸ்தோப்பில் எனக்கு முதுகைக் காட்டி நிற்பாய். நீ உட்கார்ந்தால் முடி தரையில் புரளும். அதனால் நிற்பது நீ, படியில் உட்கார்வது நான்.

“பாருடி, கேட்குதா?” என்பாய். முடி தன்னை வெட்டச் சொல்லிக் கேட்கிறதா என்பது அதன் அர்த்தம்.

“கேட்குது. போன மாசமே கேட்டிருக்கும். நீதான் காதக் குடுக்கல.”

“ஒரு விரக்கடை போதும்.”

“ரெண்டு.”

“அடியே, தேயில கவ்வாத்து வெட்டுறவன்கூட மூச்சு விடுறதுக்கு ஒரு கிளைய மிச்சம் வப்பான்டி.”

“அவனுக்குத் தொரைகிட்ட பயம். எனக்கு யாருகிட்ட பயம்?”

“வந்துட்டா பெரிய கங்காணி.”

நான் கண்ணால் பார்த்து வெட்டியதில்லை. ஈர முடியை மேலிருந்து கீழே விரல்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டே வருவேன். கெண்டைக்கால் வரை தண்ணீர் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். பிறகு ஓர் இடத்தில் விரல் தயங்கும். அந்த இடம்தான். அதற்கு மேலே வெட்டக் கூடாது, அதற்குக் கீழே விட்டுவைக்கவும் கூடாது. விட்டுவைத்தால் பிளவு மேலே ஏறும். அதற்கு முன்னாலேயே வேறு அடையாளங்களும் வந்திருக்கும். பின்னலின் நுனியில் கட்டிய ரிப்பன் காலையில் கட்டினால் மத்தியானத்துக்குள் நழுவி எங்காவது தேயிலைக்குள் விழுந்திருக்கும். பிடித்து நிற்க அங்கே முடி இருக்காது. தலை முழுகிவிட்டு வந்தால் முழு முடியும் சொட்டிக்கொண்டிருக்கும்போதே கடைசி ஒரு சாண் மட்டும் காய்ந்துவிடும். அதன் நிறமும் காய்ந்த புல்லாக மாறியிருக்கும்.

கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மட்டும் என்னைக் கிட்டே விடமாட்டாய். வறட்சியில் கவ்வாத்து வெட்டினால் தேயிலை பட்டுப்போகும், முடியும் அப்படித்தான் என்பாய். முடியும் தேயிலையும் ஒன்றில்லை என்று நான் எத்தனையோ தடவை சொன்னேன். மழை விழுந்த பிறகுதான் வெட்டவிடுவாய். அதில் நீ சொன்னதுதான் நடந்தது. நடந்தது என்பதற்காக நான் ஒத்துக்கொண்டதாக எண்ணாதே.

வெட்டிய நுனிகளை ஒன்று விடாமல் பொறுக்கி, துப்பி, கொய்யா மரத்தடியில் புதைப்பாய். காற்றில் பறந்த ஒரே ஒரு முடிக்காகத் தண்ணீர்க் கான் வரை ஓடியிருக்கிறாய். “என் தலையிலருந்து விழுந்தது எங்க கெடக்குன்னு எனக்குத் தெரியணும்” என்பாய். அந்த ஒரு விஷயத்தில் நீ என்னைவிடப் பிடிவாதக்காரி.

ஏன் அப்படி என்று எனக்குத் தெரியும். உன் அம்மா செத்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். அந்த மழைக்காலம் முழுக்க அவர் பாயோடு பாயாகக் கிடந்தார். நீயும் நானும் விடிந்ததும் பேர் பதியப் பெரட்டுக்குப் போய்விடுவோம். பிள்ளைகளைப் பார்க்கவே ஆள் இல்லாத நாட்களில் கிழவியின் தலையை யார் சீவுவது? கண்ணை மூடியபோது அவருடைய முடி ஒரே சடையாகப் பின்மண்டையில் ஒட்டிப்போயிருந்தது. நீ எண்ணெயை ஊற்றி, விரலால் பிரித்து, அழுதுகொண்டே சிக்கெடுத்தாய். மழை இறங்குமுன் எடுத்தாக வேண்டும் என்று வெளியே ஆண்கள் சத்தம் போட்டார்கள். உன் பெரியம்மா உள்ளே வந்தார். “செத்தவளுக்கு என்னாத்துக்குடி சடை?” என்று கத்தரிக்கோலால் அதை அடியோடு நறுக்கிவிட்டார். யாரையும் கேட்கவில்லை.

அன்று பீலியில் குளித்துவிட்டு நின்றபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். “என்னைய இப்பிடி அனுப்பிராதடி. பூ வேணாம், பட்டு வேணாம். சிக்கெடுத்து, எண்ண வச்சு, முடிஞ்சு அனுப்பு. நான் என் முடியோட போறேன்.”

“நான் முந்திப் போயிட்டா?”

“நீயா? எமன் வந்தா அவன்கிட்டயும் சண்ட புடிச்சுத் திருப்பி அனுப்பிருவ.”

சரி என்றேன். நான் சரி என்று சொன்னால் அது சரிதான். உன் புருசன் போன பிறகு நீ பூவை விட்டாய், கலர் சேலையை விட்டாய். முடியை விடவில்லை.

உன் மகள் வசந்திக்கும் நான்தான் நுனி வெட்டினேன். அவள் என்னைச் சித்தி என்றுதான் கூப்பிடுவாள். பண்டாரவளையில் உடுப்புக் கடை வைத்திருப்பவனைக் கட்டிக்கொண்டு போனாள். கெட்ட பிள்ளை இல்லை. அதையும் எழுதிவிடுகிறேன். ஆனால் கெட்ட பிள்ளை இல்லை என்பதற்காக அவள் செய்தது நல்லதாகிவிடாது.

ஒரு நாள் தேத்தண்ணிக் கோப்பை உன் கையிலிருந்து நழுவியது. இடது பக்கம் இழுத்துக்கொண்டது. பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பி வந்தபோது இடது கை, யாரோ உன் மடியில் வைத்துவிட்டுப் போன சாமான் மாதிரிக் கிடந்தது. வசந்தி வேன் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“என்கிட்ட விட்டுட்டுப் போ வசந்தி” என்றேன்.

“சித்தி, ஒங்களுக்கே முழங்கால் வலி. அம்மாவத் தூக்கி ஒக்கார வைக்க ஒங்களால ஏலுமா?”

“தலைய மட்டுமாவது நான் பாத்துக்கிறேன்.”

“தலைய மட்டும் தனியா கழட்டி வச்சுட்டா போக முடியும்?” என்று சிரித்தாள். நீயும் கோணிய வாயோடு சிரித்தாய். நான் சிரிக்கவில்லை. வேன் புறப்படுமுன் உன் முடியை இறுக்கமாகப் பின்னி நுனியில் நூலால் கட்டிவிட்டேன். அந்தப் பின்னலை நான் பார்த்தது அதுதான் கடைசி.

பிறகு மழை பிடித்தது. நம் தோட்டத்திலிருந்து கொஸ்லந்தை வழியாகப் பண்டாரவளைக்கு ஏறும் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. போனில்தான் பேசினோம். வசந்தி அதை உன் காதில் வைத்துப் பிடிப்பாள்.

“தலைய யாரு சீவுறா?” என்று கேட்டேன்.

“அவதான். அவளுக்கும் கடையில வேலை. நேரம் கெடைக்கிறப்ப சீவுறா.”

“சிக்கு இருக்கா?”

“இருக்கு.”

“நான் வர்றேன். அதுவரைக்கும் யாரையும் தொடவிடாத.”

“மழை விடட்டும்டி.”

பாதை திறந்த அன்றே புறப்பட்டேன். கையில் எண்ணெய்ப் போத்தல், அகலப் பல் சீப்பு, கத்தரிக்கோல். கடைக்கு மேலே வீடு. படி ஏறி உள்ளே வந்தால் நீ ஜன்னல் ஓரத்தில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாய். உன் பிடரி தெரிந்தது. அது அவ்வளவு சின்னது என்று அதுவரை எனக்குத் தெரியாது. காதுக்குக் கீழே ஒரே வரிசையாக நறுக்கியிருந்தார்கள்.

நீ மெதுவாகத் திரும்பினாய். “என்னாடி அப்பிடிப் பாக்குற? பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி இல்ல?”

வசந்தி உன்னைக் கட்டிலுக்கு மாற்றுவதற்காகத் தூக்கி நிறுத்தினாள். உட்காரப் போகுமுன் உன் வலது கை தானாகப் பின்னால் போனது. பின்னலை எடுத்து முன்னால் போட்டுக்கொண்டுதானே நீ எப்போதும் உட்காருவாய்? அந்தக் கை வெறும் முதுகைத் தடவிவிட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் சற்று நேரம் அங்கேயே நின்றது. நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்துவிட்டதை நீயும் பார்த்தாய். அதோடு உன் சிரிப்பு நின்றது.

“சித்தி, கோவிச்சுக்காதீங்க” என்றாள் வசந்தி. “இந்தக் குளிருல தலை முழுகினா ரெண்டு நாளானாலும் காயுதில்ல. அம்மாவுக்கு நெஞ்சுச் சளி கட்டிருச்சு. தெரிஞ்ச பார்லர் புள்ளதான், வீட்டுக்கே வந்து வெட்டிச்சு.”

“நுனி பாத்தா வெட்டிச்சு?”

“மொத்தமா வெட்டுறதுக்கு நுனிய எதுக்குச் சித்தி பாக்கணும்?”

“வெட்டுன முடி எங்க?”

“அந்தப் புள்ள கொண்டுபோயிருச்சு.”

என் முகத்தைப் பார்த்து அவளுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். “அம்மாவே சரின்னுதான் சொன்னாங்க. வேணும்னா அவங்களயே கேட்டுப் பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனாள்.

கேட்டேன். “சரின்னு சொன்னியா?”

“‘அம்மா, வெட்டிருவோம்’னா. நான் ‘ம்’னேன்.”

“அவ கேட்டாளா, சொன்னாளா?”

“எல்லாம் ஒண்ணுதான்டி.”

“ஒண்ணு இல்ல.”

“அவ சோத்தத் தின்னுகிட்டு, அவ கையால கால் கழுவிக்கிட்டு, வேற என்னத்தச் சொல்லச் சொல்ற?”

“வேணாம்னு சொல்லு. என் கூட்டாளி வரட்டும், வந்து பாக்கட்டும்னு சொல்லு. போன் இருக்குல்ல?”

“நீ வந்தா சண்ட போடுவ.”

“போடத்தான் செய்வேன்.”

“அதான் சொல்லல.”

அந்த ‘ம்’ எனக்குத் தெரியும். நாற்பது வயதிலும் கேட்டேன், அறுபதிலும் கேட்டேன். இன்றைக்கு இந்த மலை, இவ்வளவு கொழுந்து என்று பெரட்டில் சொல்லும்போது நீ சொன்ன ‘ம்’ அதுதான். பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு வந்தவளை உச்சி மலைக்குப் போகச் சொன்னபோதும் அதைத்தான் சொன்னாய். பக்கத்தில் நின்று நான் கத்தினேன், நீ என் சேலையைப் பிடித்து இழுத்தாய். அது சம்மதம் இல்லை. யாரும் சம்மதம் கேட்காத இடத்தில் வாயிலிருந்து போகும் காற்று. துரைகளிடமும் கங்காணிகளிடமும் நீ அதைச் சொன்னதை நான் பொறுத்துக்கொண்டேன். வயிறு இருந்தது, பிள்ளை இருந்தது. நீ பெற்று, நீ சீவி, நீ பள்ளிக்கூடம் அனுப்பிய மகளிடமும் அதையே சொல்வாய் என்று நான் நினைக்கவில்லை. அந்த மகளுக்குத் தன் அம்மாவின் ‘ம்’ எப்படிப்பட்டது என்று தெரியாமல் போனதையும் என்னால் பொறுக்க முடியவில்லை. அதே லயத்தில் வளர்ந்தவள்தானே அவள்.

குளிர், சளி, காயவில்லை என்பதெல்லாம் உண்மைதான். சீவ நேரம் இல்லை என்பதும் உண்மை. அவளுக்குப் பாரமாக இருந்தது. ஆனால் அந்த முடி அப்போது வெட்டச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் இரண்டு விரக்கடைதான் கேட்டிருக்கும். வெட்டச் சொன்னது வீட்டின் வசதி. அதை வசதி என்று சொல்லியிருந்தால்கூட நான் பேசாமல் இருந்திருப்பேன். அம்மாவின் நல்லதுக்கு என்று சொன்னதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

எண்ணெய்ப் போத்தலைத் திறக்காமலே அன்று திரும்பினேன். ஆனால் வருவதை நிறுத்தவில்லை. முழங்காலைத் தேய்த்துக்கொண்டு அந்தப் படிகளை ஏறிக்கொண்டேதான் இருந்தேன். உன் முடி வளர்ந்தது. நரையும் கருப்புமாக, முன்னைவிட மெல்லியதாக, கழுத்தை மூடி இறங்கியது.

“நுனி பாருடி, கேட்குதா?” என்பாய்.

“கேட்கல.”

“தோளத் தொட்டா வெட்டுவியா?”

“கேட்டா வெட்டுவேன். கேட்காம வெட்டுறதுக்கு நான் என்ன ஒன் மகளா?” வசந்தி காதில் விழும்படிதான் சொன்னேன். அவள் தட்டை நங்கென்று வைத்துவிட்டுப் போவாள். நீ கண்ணை மூடிக்கொள்வாய்.

இரண்டாவது தடவை இழுத்தபோது நீ ஆஸ்பத்திரி வரைகூடப் போகவில்லை. நம் லயத்துக்கே உன்னைக் கொண்டுவந்தார்கள். தோட்டத்து மண்ணில்தான் புதைக்க வேண்டும் என்று வசந்தி நின்றாள். அதற்காக அவளுக்கு ஒரு நல்ல வார்த்தை எழுதுகிறேன். மலர்ச்சாலைச் சவப்பெட்டியை உன் பழைய காம்பராவில் வைத்திருந்தார்கள். நான் சீப்பையும் எண்ணெயையும் எடுத்துக்கொண்டு கூட்டத்தை விலக்கி உள்ளே போனேன்.

தலையில் நீளமான பின்னல் இருந்தது. தோளைச் சுற்றி, நெஞ்சைத் தாண்டி, வயிறு வரை. ஒரு நரை இல்லாத கருப்பு. “பாத்தியா, அப்பிடியே வயசுப் புள்ள மாதிரி படுத்திருக்கா” என்று பெண்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பதுளையில் வாங்கிய நைலான் சவுரி. வெட்டிய தலை ஊருக்குத் தெரியக்கூடாது என்று உனக்கு மாட்டிவிட்டிருந்தார்கள்.

அதற்குள் எண்ணெய்க் கிண்ணமும் சீயக்காய்க் கிண்ணமும் வந்துவிட்டன. உறவுக்காரர்கள் வரிசையாக வந்து எண்ணெயைத் தொட்டுத் தலையில் வைத்து, சீயக்காயைத் தொட்டு வைத்து, கடைசியாகத் தலை முழுக்காட்டி அனுப்ப வேண்டும். முதல் ஆளாக உன் நாத்தனார் விரலை எண்ணெயில் தோய்த்து அந்த நைலானை நோக்கிக் கொண்டுபோனார். நான் அவர் கையைப் பிடித்துவிட்டேன்.

“என்னாக்கா?” என்றார் அவர்.

“எங்க வைக்கப் போற? அது தலையா?”

வசந்தி எழுந்து வந்தாள். “சித்தி, விடுங்க. அம்மா அழகா போகட்டும்.”

“ஒங்கம்மா எப்படி அசிங்கமா இருந்தா?”

“எல்லாரும் பாக்குறாங்க சித்தி. என்ன சொல்வாங்க?”

“நீ வெட்டுனதச் சொல்வாங்க. சொல்லட்டும்.”

“செத்த வீட்டுல என்னாம்மா சண்ட?” என்று வாசலிலிருந்து ஓர் ஆண் குரல் வந்தது. “நேரமாகுது.”

“நைலான் மேல எண்ண வச்சா வழிஞ்சு பெட்டியிலதான் ஊறும். இவ தலைக்குப் போகாது. முழுகாத தலையோடவா இவள அனுப்பப் போறீங்க?” என்றேன். நாத்தனார் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். எங்கள் சனத்துக்கு எத்தனையோ விஷயங்களில் வாய் இருக்கும், இந்த விஷயத்தில் இல்லை. எண்ணெய் தலைக்குப் போக வேண்டும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். சவுரியை வாங்கும்போது யாரும் அதை நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

நான் ஊசிகளைக் கழற்றினேன். சவுரியை எடுத்தேன். உன் முடி நசுங்கிப்போய்க் கிடந்தது. பின்பக்கம் சீவ வேண்டுமென்றால் தலையைத் தூக்க வேண்டும். என் ஒரு கையால் முடியவில்லை. பிறகு வசந்திதான் குனிந்து, இரண்டு கைகளாலும் உன் தலையைத் தூக்கிப் பிடித்தாள். அவள் கண்ணீர் உன் நெற்றியில் விழுந்தது. அதை நான் மறைக்கமாட்டேன். அதற்காக எதையும் மன்னிக்கவும் மாட்டேன்.

எண்ணெய் தொட்டு, சிக்கெடுத்து, சீவினேன். பழக்கத்தில் நுனியை விரல்களுக்கு நடுவில் இழுத்துப் பார்த்தேன். விரல் எங்கேயும் தயங்கவில்லை. தோளைத் தொட்டிருந்தது, ஒன்றுகூடப் பிளக்கவில்லை. அது திரும்பி வந்துகொண்டிருந்தது. இன்னும் சில வருடங்களை விட்டிருந்தால் இடுப்புக்கு வந்திருக்கும். இழுத்துப் பிடித்து முடிந்ததில் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு முடிச்சு வந்தது. அவ்வளவுதான் கிடைத்தது. அதன்மேல் எண்ணெய் வைத்தார்கள், சீயக்காய் வைத்தார்கள். சவுரியை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. இஸ்தோப்பில் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் கடைசி வரை அது கிடந்தது. யாரும் அதில் உட்காரவில்லை.

சாவு வீட்டில் கலாட்டா செய்தவள் என்று இப்போது எனக்குப் பேர். கருமாதிக்குச் சொல்லி அனுப்பவில்லை. பண்டாரவளைச் சந்தையில் ஒரு நாள் வசந்தி எனக்கு நேரே வந்தாள். கண்டதும் லீக்ஸ் கட்டுகளுக்குப் பின்னால் திரும்பிக்கொண்டாள். நானும் கூப்பிடவில்லை. “அவ பக்கமும் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க, தனியா எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பா” என்கிறாள் மகேஸ்வரி. யோசித்துவிட்டேன். சுமந்தவள் அவள்தான். அதனால் அவள் கேட்டிருக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடாது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு அங்கேதான் போய் நிற்கிறது. இன்னொரு தடவை அந்தப் பெட்டி வந்தாலும் அந்த நைலானைக் கழற்றத்தான் செய்வேன்.

உன்மேல் உள்ள கோபமும் குறையவில்லை. “என் முடியோட அனுப்பு” என்று என்னிடம் வாக்கு வாங்கியவள் நீ. அதைக் காப்பாற்ற எனக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. அதை நீ சொல்லவில்லை. நான் சண்டை போடுவேன் என்று பயந்தாயாம். சண்டை போடத் தெரிந்த ஒருத்தியைக் கூட்டாளியாக வைத்துக்கொண்டு, வேண்டிய நேரத்தில் அவளைக் கூப்பிடாமல் இருந்துவிட்டாய். நீ சொல்லாமல் விட்டதைத்தான் நான் இப்போது தூக்கிக்கொண்டு திரிகிறேன். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், கோயில் கூட்டத்தில், யார் எனக்காக எதை முடிவு செய்துவிட்டு வந்து சொன்னாலும் முதலில் வாயில் வருவது அதுதான்.

போன வாரம் என் மகன் வந்திருந்தான். தலை முழுகிவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து நின்று பார்த்துவிட்டு, “அம்மா, இந்த முடிய கட்டையா வெட்டிருவோம். காய வைக்கிறதே ஒங்களுக்குப் பெரிய வேலையா இருக்கு” என்றான்.

“வேணாம்” என்றேன்.

“ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்.”

“வேணாம்.”

“சரிம்மா, சரி. அதுக்கு ஏன் இந்தக் கத்து கத்துறீங்க?”

“நான் கத்தலடா” என்றேன். “ரெண்டு பேரு சேந்து சொல்றோம். அதான் சத்தமா இருக்கு.”